வாசனை திருடிய வழக்கு

“என் குழம்பு வாசனையைத் திருடிட்டா! என் குழம்பு வாசனையைத் திருடிட்டா! என் குழம்பு வாசனையைத் திருடிட்டா!”

ஒரு வார்த்தை பிசகாமல் மூன்று தடவை கத்தினாள் செண்பகவடிவு. “அக்கா, ரெண்டு பேரும் ஒரே சட்டியிலதானே புளி கரைச்சோம்…” என்று அவள் ஓரகத்தி கஸ்தூரி சொல்லி முடிக்கவில்லை. மலைமேல் இருந்த சிறைக்கதவு வாயைத் திறந்தது. உஸ்ஸென்று ஒரு காற்று. கஸ்தூரி உள்ளே. அவள் இடுப்பில் இருந்த ஒரு வயது மகள் மைனா வெளியே, தரையில்.

சிரிக்காதீர்கள். உங்கள் முப்பாட்டனுக்கும் முந்தின காலத்தில் இப்படி ஒரு ராஜ்ஜியம் இருந்தது. விசாரணை, சாட்சி எல்லாம் ராஜாவுக்குத் தலைவலி. அதனால் ஒரு மந்திரவாதியைப் பிடித்து, பேசும் மரக்கதவு ஒன்று செய்ய வைத்தான். மூன்று தடவை ஒன்றுபோல எதைச் சொன்னாலும் கதவு நம்பும். அவ்வளவுதான் சட்டம். தும்மியதற்காக ஒருத்தன் உள்ளே. அவன் பெயரையே வைத்திருந்ததற்காக இன்னொருத்தன் உள்ளே. “எங்க விசாரணை எப்போ?” என்று கேட்டால் கதவு சொல்லும்: “நாளைக்கு.” நாட்டில் பாதிப் பேர் உள்ளே போனதும், “என் தெருக்களில் திருடனே இல்லை” என்று ராஜா மார்தட்டினான்.

இருவரின் புருஷன்மாரும் கப்பலேறிப் போயிருந்ததால் மைனா பெரியம்மாவிடம் வளர்ந்தாள். வளர்ந்தாள் என்று சொல்வதும் அதிகம். இரண்டு வாய் தின்பாள், மூன்றாவது வாயைத் துப்புவாள். மூன்று வருடம் போனது. பிள்ளை துரும்பாய் இளைத்தது.

ஒருநாள் செண்பகவடிவு அவளைத் தூக்கிக்கொண்டு, கைதியைப் பார்க்கச் சிறைக்கு மனு போட்டுப் போனாள். கஸ்தூரி எலும்பும் தோலுமாய் நிற்பதைப் பார்க்க ஆசை, வேறென்ன! போனால், சிறை மதிலைச் சுற்றித் திருவிழாக் கூட்டம். எல்லோரும் மூக்கை நிமிர்த்தி நின்றார்கள்.

“என்ன விசேஷம்?”

“கஸ்தூரி சமையல், அம்மணி. புழுத்த அரிசி, அழுகின கத்திரிக்காய். அதுலயே இப்படி மணக்குது! உங்ககிட்ட திருடின வாசனையாமே? அப்போ உங்க வீட்டுப் பக்கம் ஏன் யாரும் வரமாட்டேங்கிறாங்க?”

வயிறு பற்றி எரிந்தது செண்பகவடிவுக்கு. ஜெயிலிலும் அவள்தான் ராணியா?

அந்த நேரம் பார்த்து மைனா வாயைத் திறந்தாள். “எனக்கு இது வேணும். உன்னோடது வேணாம்.”

அவ்வளவுதான். செண்பகவடிவு கதவின்மேல் பாய்ந்தாள். “அவளை வெளிய தள்ளு! உள்ள உக்காந்துக்கிட்டே பேர் வாங்குறா!”

“காரணம்?” என்றது கதவு.

“அவ திருடல!” ஆத்திரத்தில் வந்தது முதல் தடவை.

கையில் பிள்ளை இறகுபோல இருந்தது. அப்போதுதான் அந்தக் கனம் அவளுக்கு உறைத்தது.

“அவ திருடல.” அழுகையில் வந்தது இரண்டாம் தடவை.

மூன்றாம் தடவை உதடு மட்டும்தான் அசைந்தது. கதவுக்கு அது போதும்.

“இத்தனை வருஷத்துல யாரும் சொன்னதை மாத்திச் சொன்னதில்லையே,” என்று கதவு முனகியது. “அப்போ மத்ததெல்லாம்?” கேட்ட கேள்வியிலேயே நடுவாகப் பிளந்து விழுந்தது. மந்திரம் முறிந்தது. தும்மினவன் வந்தான், பெயர்க்காரன் வந்தான், எதற்காக உள்ளே போனோம் என்பதே மறந்துபோன கிழவர்கள் வந்தார்கள். அத்தனை பேரையும் கண்ட ராஜா, பின்வாசல் வழியாக ஓடியவன்தான்.

கதவை விறகாகப் பிளந்து அடுப்பு மூட்டினார்கள். கஸ்தூரி சமைத்தாள். மலையடிவாரம் முழுக்கப் பந்தி. மைனா மூன்று வாய் தின்றாள், நாலாவதும் கேட்டாள்.

கடைசி ஆளாகச் செண்பகவடிவு வந்து நின்றாள். கையில் கிண்ணம்.

“கஸ்தூரி, எனக்கும் ஒரு கரண்டி ஊத்தேன்.”

கஸ்தூரி மகளின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கரண்டி குழம்பிலேயே கிடந்தது.

“ஒரே ஒரு கரண்டி, கஸ்தூரி.” இது இரண்டாம் தடவை.