அதிபரின் கடல்

பனந்தீவை ஒரே ஓட்டத்தில் கடந்துவிடலாம். ஆனாலும் அது தனி நாடு. கொடியும் உண்டு, தொம்மையார் என்று ஓர் அதிபரும் உண்டு. அவர் ஒருநாள் சட்டம் போட்டார்: "கடல் அரசுக்குச் சொந்தம். மீனும் அரசுக்கே." படகுகள் கரையில் முடங்கின.

பௌர்ணமி ஓதத்தில் கடல் ஏறி, கருவாட்டுக்காரி செபஸ்தியாளின் முற்றத்தில் புகுந்தது. தண்ணீர் வடிந்து போகாதபடி அவள் மணலைக் கொட்டி வாசலை அடைத்து, அதோடு வந்த மீனைப் பிடித்தாள்.

அதிபரே வந்துவிட்டார். "மீனை எடு! என் கடல் மீன்."

ஊர் கூடியது.

"கடல் உங்களுதுதானா ஐயா?" என்று கேட்டாள் செபஸ்தியாள்.

"சந்தேகமா?"

"அடுத்தவன் வளவுல, முற்றத்துல ஆடு புகுந்தா, உடையவன் மன்னிப்புக் கேட்டு ஓட்டிட்டுப் போகணும். இல்லாட்டி ஆடு வளவுக்காரனுக்கு. இந்தத் தீவு வழக்கம் இது. உங்க வளவுல புகுந்த என் ஆட்டை அப்படித்தானே தின்னீங்க? இப்ப உங்க கடல் புகுந்து என் அடுப்பை அணைச்சிருக்கு. மன்னிப்புக் கேட்டு ஓட்டிட்டுப் போங்க. முடியாதுன்னா, கடல் என்னுதில்லைன்னு சொல்லுங்க."

அதிபர் கூட்டத்தைப் பார்த்தார். ஊர் முன்னால் மன்னிப்புக் கேட்க மனம் வரவில்லை; கடலை ஓட்டிப் போகவும் வழியில்லை.

"கடல்... என்னுதில்லை" என்று முனகினார்.

"சத்தமா சொல்லுங்க ஐயா, படகுக்காரங்களுக்குக் கேக்கல."

அவர் மறுபடி வாயைத் திறப்பதற்குள் படகுகள் தண்ணீரில் இறங்கியிருந்தன.