நாற்பது நாள்

"ஒரு மார்க்காவது போடுங்கம்மா" என்றார் சபாநடேசன்.

பூங்கோதையம்மா பாயில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

கல்வராயன் மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சின்ன ஆசிரமத்துக்கு அவர்தான் குரு. வயது நாற்பதுகூட இருக்காது. சீடர் சபாநடேசனுக்கோ அறுபத்து நான்கு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஞானம் தேடி வந்தவர், எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று பொது அறிவுப் புத்தகங்களையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

அங்கே ஒரு வழக்கம். திங்கட்கிழமை காலையில் சாப்பாட்டுக்கூடத்துக் கரும்பலகையில் அம்மா பத்துக் கேள்விகள் எழுதிப் போடுவார். திமிங்கிலம் எப்படித் தூங்கும்? ஒட்டகப் பால் தயிராகுமா? இப்படி.

விடைகளைச் சீட்டில் எழுதி ஞாயிற்றுக்கிழமைக்குள் தகர டப்பாவில் போட வேண்டும். மதிப்பெண் கிடையாது. பரிசும் கிடையாது. மற்ற சீடர்கள் நாலே வாரத்தில் ஓய்ந்துவிட்டார்கள். சபாநடேசன் மட்டும் விடவில்லை. இருபத்தெட்டு வாரமாகப் பத்துக் கேள்விக்கும் பதில் எழுதிப் போட்டுக்கொண்டிருந்தார்.

பாவம், அவரைக் குறை சொல்வதற்கில்லை. முப்பத்து நான்கு வருடம் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் 'சரி' போட்ட கை அது. ஓய்வுபெற்ற நாளிலிருந்து "நீங்க சொன்னது சரி" என்று அவரிடம் சொல்ல ஒருவரும் இல்லை. மகன் சொல்வதில்லை. மருமகள் காதில் வாங்குவதே இல்லை.

"பத்துக்கு எத்தனைன்னு தெரிஞ்சா போதும்மா. இத்தனை வாரத்துல ஒரு டிக் கூடப் பார்க்கலை."

"நான் எப்படி ஐயா திருத்துவேன்?"

"உங்ககிட்ட விடை இருக்குமே?"

அம்மா நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் நிஜமான ஆச்சரியம்.

"விடை தெரிஞ்சா நான் எதுக்குக் கேக்கப்போறேன்?"



"தெரியாமத்தான் கேக்கறீங்களா?"

"ஆமா. வாரம் பூரா மனசுல வர்ற சந்தேகத்தையெல்லாம் எழுதிப் போடறேன். நீங்க எழுதறதைப் படிச்சுத் தெரிஞ்சுக்கறேன். ஒட்டகப் பால் லேசுல உறையாதுங்கறதைப் பால் சொசைட்டி ஆள்கிட்டகூடச் சொன்னேன். அசந்துட்டார்."

சபாநடேசனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நூற்றுக்கு நூறு போட்டிருந்தால்கூட அவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது.

அந்த நேரம் பார்த்து அம்மா இருமினார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருமினார்.

"என்னம்மா, இப்படி இருமறீங்க?"

"மாட்டுக் கொட்டகையில படுக்கறேனில்ல. ஐப்பசி மழை. சாரல் உள்ள அடிக்குது."

"உங்க குடிசைக்கு என்ன ஆச்சு?"

"கதவுக்கு மேல சிட்டுக்குருவி கூடு கட்டியிருக்கு. மூணு முட்டை. கதவைத் திறந்தா கூடு விழுந்துடும். அதான் திறக்கறதில்லை."

"எத்தனை நாளா?"

"இன்னியோட முப்பத்தொண்ணு. இன்னும் ஒன்பதே நாள்."

"அது என்ன கணக்கு? யார் சொன்னா?"

"நீங்கதான்."

அம்மா இடுப்பில் செருகியிருந்த ஒரு சீட்டை எடுத்துப் பிரித்தார்.

"சிட்டுக்குருவி முட்டை எத்தனை நாள்ல பொரியும்னு போன மாசம் கேட்டிருந்தேனே. நாற்பது நாள்னு எழுதியிருக்கீங்க, பாருங்க."

பார்த்தார். முத்து முத்தான கையெழுத்து. அவருடையதேதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு நினைவு வந்தது. ஒன்பது விடை எழுதியாகிவிட்டது. குருவிக்கு மட்டும் மூன்று புத்தகத்திலும் பதில் இல்லை. "காலியா விடாதே, எதையாவது எழுதி வை" என்று பரீட்சைக்கு முந்தின நாள் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகியவர். எதையாவது எழுதி வைத்தார்.

"தாய்க்குருவி இருக்காம்மா?"

"அது போய்ப் பத்து நாள் ஆச்சு. சமையல்காரர் மாதேசன்கூட, இனிமே பொரியாதுன்னு சொன்னார். நான்தான், ஐயா நாற்பதுன்னு எழுதியிருக்கார், பொறுங்கன்னு சொல்லிட்டேன்."

மறுபடியும் இருமல்.

சபாநடேசன் நின்றுகொண்டே இருந்தார். பேசாமல் போய்விடலாம். நாற்பதாவது நாள் முட்டை பொரியாவிட்டால், மழை மேல் பழியைப் போட்டால் போயிற்று. யாருக்கும் தெரியப்போவதில்லை. தான் எழுதியதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள இந்த உலகத்தில் அவருக்கு ஒரே ஒரு ஜீவன்தான் கிடைத்திருக்கிறது. அதையும் இழக்க வேண்டுமா?

ஆனால் அந்த இருமலைக் கேட்டுக்கொண்டு நிற்கவும் அவரால் முடியவில்லை.

"எனக்குத் தெரியாதும்மா."

"எது?"

"குருவி முட்டை. எத்தனை நாள்னு எனக்குத் தெரியாது. சும்மா எழுதினேன்."

அம்மா கையிலிருந்த சீட்டைப் பார்த்தார்.

"அது மட்டும் இல்லம்மா. வாரத்துக்கு ரெண்டு, மூணு அப்படித்தான். தெரியாதுன்னு எழுத எனக்குக் கை வரலை. நீங்க போய்க் கதவைத் திறங்க. உள்ள படுங்க."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அறுபத்து நான்கு வயதில் காதெல்லாம் சூடேறி, பிட் அடித்து மாட்டிக்கொண்ட பையன் மாதிரி நின்றார்.

அம்மா சீட்டை மடித்தார். பாயில் நகர்ந்து, அவர் உட்கார இடம் விட்டார்.

"அப்பாடா" என்றார். "ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உங்க சீட்டைப் படிச்சிட்டு, உலகத்துலயே எனக்கு மட்டும்தான் ஒண்ணும் தெரியலையோன்னு பயந்துக்கிட்டிருந்தேன், ஐயா."