மன்னர் மீசைக்கு ஒரு மரக்கால்

மழை ஒழுங்காகப் பெய்த ஒரு காலத்திலே, மருதங்கோட்டை என்ற நாட்டைக் கடம்பராயன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான், ஆனால் கடைசியாகக் காதில் விழுந்த பேச்சுதான் அவனுக்கு வேதம். ஐம்பத்தெட்டு வயதிலும் அவன் மீசை மட்டும் காக்கைச் சிறகாய்க் கறுத்திருந்தது. அரசவைப் புலவர்கள் பாதிப்பேர் அந்த மீசையைப் பாடியே பிழைத்தார்கள்.

ஒருநாள் மேலவீதியில் ராஜாவின் பல்லக்கு ஒரு கடையின் ஓலைத்தட்டியில் இடித்தது. கிரீடம் நழுவி மூக்கின்மேல் உட்கார்ந்தது. கூடவே வந்த வில்வராயர் இதற்காகவே காத்திருந்தவர் போல வாயைத் திறந்தார். அவர் அரண்மனைக் களஞ்சியத்தின் அதிகாரி. மந்திரி இளநாகருக்குச் சபையில் இருந்த மதிப்பைப் பார்த்துப் பார்த்து வயிறெரிகிறவர்.

"மகாராஜா, இந்த ஒரு வீதியில் நாற்பது கடை, நாற்பது தட்டி! ஒரு கைப்பிடி மிளகு விற்கிறார்கள். அதற்கு மேல் கொசுறு என்று ஒரு கொத்துக் கறிவேப்பிலை வேறு. இதெல்லாம் ஒரு வியாபாரமா? எல்லாவற்றையும் மூடிவிட்டுக் கோட்டை வாசலில் ஒரே பேரங்காடி திறப்போம். அடியேன் பார்த்துக்கொள்கிறேன். படி படியாய்க் கொள்ளும் மரக்கால் அளவுக்குக் குறைந்து எதுவும் விற்பதில்லை. கொசுறு என்ற பேச்சே கிடையாது."

"ஆகட்டும்!" என்றான் ராஜா, கிரீடத்தைத் தூக்கிக்கொண்டே.

மறுநாள் அந்தத் தட்டிக்குச் சொந்தக்காரி மாடத்தி சபைக்கே வந்துவிட்டாள். அந்த மளிகைக் கடைதான் அவளுக்கும் அவள் மூன்று பெண்களுக்கும் சோறு.

"மகராசா, எங்க தெருவுல அன்னன்னிக்குக் கூலி வாங்கித்தான் உலை வைக்குது சனம். மரக்கால் மிளகை வாங்கி அதுக என்ன செய்யும்? தட்டிதான் இடிச்சுதுன்னா தட்டியை வெட்டிக்கிடுதேன். கடையை வெட்டிராதீக."

"கடைத்தெருக்காரி ராஜாவுக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டாள்!" என்று வில்வராயர் சிரித்தார். எதற்கென்று தெரியாமலே சபையும் சிரித்து வைத்தது.

மந்திரி இளநாகர் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து நின்று, "வில்வராயர் சொல்வதே சரி" என்றார். மாடத்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஆனால் பேரங்காடியில் கள்ளத்தனம் நுழையக் கூடாது. வாங்குகிறவர் யார், பொருள் என்ன, எதற்கு வாங்குகிறார் என்று தமுக்கடித்து மூன்று தடவை கூவ வேண்டும். அரண்மனைக்கும் விலக்கு கூடாது."

"ஆகா, மந்திரியே என் பக்கம்!" என்று வில்வராயர் பூரித்தார். ராஜா முத்திரை குத்தினான்.

வெளியே வந்ததும் மாடத்தி மந்திரியை மறித்தாள். "உங்களைப் பெரிய மனுசன்னு நெனச்சேனேய்யா!"

"பதினைந்தே நாள் பொறு, மாடத்தி. அதுவரை யார் வந்து கேட்டாலும் ஒரு சிட்டிகைகூட விற்காதே" என்றார் இளநாகர்.

பேரங்காடி திறந்தது. பல்வலிக்கு ஒரு கிராம்பு கேட்டவன் ஒரு மரக்கால் கிராம்பைத் தலையில் சுமந்து போனான். "பாடசாலை வாத்தியார் சபாபதி! ஒரு மரக்கால் கடுக்காய்! மலச்சிக்கலுக்கு!" என்று தமுக்கு முழங்கிய நாளிலிருந்து வாத்தியார் தெருவில் தலைகாட்டவில்லை.

இப்போது ஒரு ரகசியம் சொல்ல வேண்டும். மாதம் இரண்டு வெள்ளிக்கிழமை அரண்மனைப் பணிப்பெண் செங்கமலம் மாடத்தி கடைக்கு வருவாள். எதுவும் கேட்கமாட்டாள். மாடத்தியும் எதுவும் கேட்காமல் ஒரு பொட்டலம் கொடுப்பாள். உள்ளே அவுரிப்பொடி. ராஜாவின் மீசைக்குக் கறுப்பு ஏறியது அதிலிருந்துதான்!

பதின்மூன்றாம் நாள் மீசையின் அடியில் வெள்ளை எட்டிப் பார்த்தது. இரண்டு நாளில் முடிசூட்டிய நாள் விழா. புலவர்கள் வேறு வரிசைகட்டி நிற்பார்கள். செங்கமலம் மாடத்தி வீட்டுக்கு ஓடினாள்.

"மூடின கடையில ஏது தாயி பொட்டலம்? ராசா ஆணையை மீற நான் யாரு?" என்றாள் மாடத்தி.

செங்கமலம் பேரங்காடிக்குப் போனால் அவள் பேரைக் கூவும்போதே அரண்மனைக்குத்தான் என்று தெரிந்துவிடும். வேறு வழியில்லாமல் ராஜா முகத்தைப் போர்வையால் மூடிக்கொண்டு உச்சிவெயிலில் பேரங்காடிக்குப் போனான்.

"அவுரிப்பொடி... ஒரு சிட்டிகை போதும்."

"மரக்கால்தான். எதுக்கு?" என்றான் தமுக்குக்காரன்.

"மீசை... நரைக்கு" என்று முணுமுணுத்தான் ராஜா.

"பேர்?"

"வழிப்போக்கன்."

"அப்படியெல்லாம் ஒரு பேரா? அடுத்த ஆள் வா!"

ராஜாவுக்குப் பொறுக்கவில்லை. முத்திரை மோதிரத்தை நீட்டினான். தமுக்குக்காரன் தடாலென்று காலில் விழுந்தான். எழுந்தவன், அரண்மனைக்கும் விலக்கில்லை என்ற ஆணையை நினைத்துக்கொண்டு, பயபக்தியோடு தமுக்கை ஓங்கி அடித்தான்.

"மாமன்னர் கடம்பராயர்! ஒரு மரக்கால் அவுரிப்பொடி! மீசை நரைக்கு!"

முதல் தடவை கூட்டம் திரும்பிப் பார்த்தது. மூன்றாம் தடவை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"யார் சொன்ன விதி இது?" என்று சபையில் சீறினான் ராஜா. வில்வராயர் விரல் மந்திரியைக் காட்டியது.

"நான் சொன்னதுதான். தண்டனை எதுவானாலும் ஏற்கிறேன்" என்றார் இளநாகர். "ஆனால் மகாராஜா, பன்னிரண்டு வருஷமாக அதே பொட்டலம் மேலவீதியிலிருந்து வந்தது. ஒரு நாளாவது தமுக்குச் சத்தம் கேட்டதா? எனக்கே தங்கள் அங்கவஸ்திரத்தில் இருந்த நீலக்கறையைப் பார்த்துத்தான் தெரியும். மாடத்தி வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை. பேரங்காடியில் எல்லாம் இருக்கிறது, ஆளைத் தெரிந்த ஒருத்தி மட்டும் இல்லை."

ராஜா மீசையைத் தடவினான். வெட்கம் வந்தது, பிறகு சிரிப்பும் வந்தது.

"மந்திரியே, பிழைத்தீர்! நாற்பது கடையும் இன்றே திறக்கட்டும். வில்வராயரே, அந்தத் தமுக்கை எடும். யார் மூடச் சொன்னது, எதற்குச் சொன்னார், இப்போது ஏன் திறக்கிறது என்று ஒவ்வொரு கடை வாசலிலும் மூன்று தடவை நீரே கூவும்!"

அந்த வெள்ளிக்கிழமை ராஜா தானே மேலவீதிக்கு வந்தான். மாடத்தியின் தட்டி அதே உயரத்தில்தான் இருந்தது. ராஜாதான் கிரீடத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு குனிந்து நுழைந்தான்.

"பன்னிரண்டு வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தாயே, மாடத்தி, அதற்கு என்ன விலை?"

மாடத்தி பொட்டலத்தைக் கட்டி, அதன்மேல் ஒரு கொத்துக் கறிவேப்பிலையை வைத்தாள்.

"அதுக்கு ஏது மகராசா விலை? அது கொசுறு."