சாயாத மத்தியஸ்தர் மூவர்

முன்னொரு காலத்தில், பாட்டென்றால் உயிரை விடுகிற ராஜா ஒருவர் ஆண்ட நாடு இருந்தது. எந்த நாடு, எந்த ராஜா என்பதெல்லாம் நமக்கு வேண்டாம். அவர் போட்ட சட்டம் ஒன்றுதான் வேண்டும். ஒருவர் கட்டிய பாட்டை இன்னொருவர் சபையில் பாடிச் சம்பாதித்தால், வந்ததில் ஒரு பங்கைக் கட்டியவருக்குக் கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பாட்டுப் பங்கு என்று பெயர்.

சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் வழக்கு வராத சட்டம் எங்கே இருக்கிறது?

உலகம்மை என்ற பெண் ஓடக்காரன் பாட்டு ஒன்றைக் கட்டியிருந்தாள். சடகோபன் என்ற கூத்து வாத்தியார் அதற்கு வேறு மெட்டுப் போட்டு, நடுவே கேலியாக ஓர் அடியும் சேர்த்து, ஊர் ஊராகப் பாடினான். பாட்டு காட்டுத்தீ மாதிரி பரவியது. முதலில் பங்கு ஒழுங்காக வந்தது. பிறகு, மெட்டு மாறிவிட்டதால் இது தன் பாட்டு என்று சொல்லிச் சடகோபன் கையை விரித்துவிட்டான். உலகம்மை அரண்மனை வாசலுக்கு வந்துவிட்டாள்.

ராஜா தாமே தீர்ப்புச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. இது பாட்டு விஷயம், பாட்டு தெரிந்த மூன்று மத்தியஸ்தர்கள் உட்கார்ந்து தீர்க்கட்டும் என்றார். அவர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை விகடகவி அம்பலவாணனிடம் ஒப்படைத்தார்.

இதைக் கேட்டதும் பிரதானி சேஷாசலத்துக்கு வயிறு எரிந்தது. மத்தியஸ்தருக்கு அரண்மனைச் சன்மானம் உண்டு, மரியாதை உண்டு. அவருடைய வீட்டிலோ வேலையில்லாத மைத்துனர்கள் மூன்று பேர். அவர் எழுந்து குனிந்து நின்றார்.

“மகாபிரபு, மத்தியஸ்தருக்குத் தகுதி வேண்டாமா? அவர்களுக்கு ஏழு சுரமும் தெரிந்திருக்க வேண்டும். வழக்காளிகள் இருவரில் எவர் பக்கமும் ஒருபோதும் சாய்ந்திருக்கக் கூடாது. முக்கியமாக, இந்தப் பாட்டை அவர்கள் ரசித்திருக்கவே கூடாது. ரசித்தவனுக்குக் கட்டியவள்மேல் பிரியம் வந்துவிடும், இல்லையேல் பாடியவன்மேல் வந்துவிடும்.”

ராஜாவுக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. அப்படியே ஆகட்டும் என்றார். வரும் பௌர்ணமிக்குள் அம்பலவாணன் அப்படிப்பட்ட மூவரைக் காட்டாவிட்டால் பிரதானி தமக்குத் தெரிந்தவர்களைக் காட்டலாம், அம்பலவாணன் சபைக்கு வருவதை நிறுத்திக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டார். ராஜாக்கள் சிரித்துக்கொண்டேதான் இப்படியெல்லாம் சொல்வார்கள்.

அம்பலவாணன் தேடப் புறப்பட்டான். பயம் இருந்தது, இல்லாமல் என்ன. ஆனால் பயத்தைவிட ஆவல் அதிகமாக இருந்தது. ஒரு மனிதன் எந்தப் பக்கமும் சாயாதவன் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நடையில் தெரியுமா, பேச்சில் தெரியுமா? சந்தையில், படித்துறையில், கோயில் மடைப்பள்ளியில் என்று போகிற இடமெல்லாம் விசாரித்தான். பாட்டு தெரிந்த அத்தனை பேருக்கும் இந்தப் பாட்டு தெரிந்திருந்தது. தெரிந்த அத்தனை பேருக்கும் பிடித்திருந்தது. பிடிக்காத ஒரே ஆளுக்கு இரண்டு காதும் கேட்காது.

உலகம்மை வீட்டுக்குப் போனான். அவள் தறியில் உட்கார்ந்திருந்தாள். முன்பு பாட்டு கட்டிய நேரத்தில் இப்போது கூலிக்கு நெய்வதாகச் சொன்னாள்.

“பாட்டு கட்டுறத விட்டுட்டேங்க. வாயத் திறந்தா எதாச்சும் வருது. வந்தா அடுத்தவங்க கொண்டுபோயிடுவாங்களேன்னு வாய மூடிக்கிறேன்” என்றாள். அழவில்லை. அதுதான் அம்பலவாணனைச் சுட்டது.

சடகோபனையும் போய்ப் பார்த்தான். அவனை அயோக்கியன் என்று நினைத்துக்கொண்டு போனவனுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சியது. சடகோபன் வெடித்த பாதங்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான்.

“வார்த்த அந்தம்மாவுதுதான், நான் இல்லங்கல. ஆனா அந்த வார்த்த ஊர் ஊரா நடந்தது என் காலுல. அதுக்கு யாரு பங்கு தருவாங்க?” என்று கேட்டான்.

திரும்பி வரும் வழியெல்லாம் அம்பலவாணன் யோசித்தான். கேட்கக் கேட்கத் தானே இருவர் பக்கமும் மாறி மாறிச் சாய்வதைக் கண்டு அவனுக்கே வியப்பாக இருந்தது. சாயாத மனிதனைத் தேடுவதே தப்போ என்று அப்போதுதான் தோன்றியது.

பௌர்ணமி வந்தது. மூவரும் தயார், ஆனால் அவர்களால் சபைக்கு நடந்து வர முடியாது, மகாராஜாதான் எழுந்தருள வேண்டும் என்று அம்பலவாணன் விண்ணப்பம் செய்தான். வயோதிகர்களாக இருப்பார்கள் என்று எண்ணிய ராஜா, சபையோடும் வழக்காளிகளோடும் கிளம்பிவிட்டார். அவன் அவர்களைக் கோயில் மண்டபத்துக்குக் கூட்டிப்போய், வரிசையாக நின்ற மூன்று கல்தூண்களுக்கு முன்னால் நிறுத்தினான். கையிலிருந்த சிறு கோலால் தட்டினான். ஒவ்வொரு தூணும் தட்டிய இடத்துக்குத் தக்கபடி ச, ரி, க, ம, ப, த, நி என்று கணீரென்று சுரம் சொல்லியது.

“பிரபு, இவர்கள்தான். ஏழு சுரமும் அத்துப்படி. கட்டிய நாள் முதல் எந்தப் பக்கமும் சாய்ந்ததில்லை. எவர் வீட்டு உப்பையும் தின்றதில்லை. எந்தப் பாட்டையும் ரசித்ததில்லை என்பதற்கு அர்ச்சகரே சாட்சி.”

சபையில் சிரிப்பு எழுந்தது. ராஜாவும் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். ஆனால் சேஷாசலம் விடவில்லை. விகடம் வேறு, விவகாரம் வேறு என்றார். மனிதர்களிலேயே அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், அழைத்தே வந்திருக்கிறேன் என்று தம் மைத்துனர்கள் மூவரையும் முன்னால் நிறுத்தினார். மூவரும் சங்கீதம் கற்றவர்கள், இந்தப் பாட்டை இதுவரை காதாலும் கேட்டதில்லை என்று கோபுரத்தைப் பார்த்துச் சத்தியம் செய்தார்கள்.

ராஜா அம்பலவாணனைப் பார்த்தார். அவன் தலைவணங்கினான். இப்படிப்பட்டவர்கள் கிடைத்தது நாட்டின் பாக்கியம் என்றான். வழக்கு எதைப் பற்றியது என்று மத்தியஸ்தர்களுக்குத் தெரிய வேண்டுமே, பாட்டை ஒரு முறை பாடிக் காட்ட உத்தரவு வேண்டும் என்றான். உத்தரவு கிடைத்ததும், தொண்டையைச் செருமிக்கொண்டு பாடினான்.

“ஓடக்காரா ஓடக்காரா, ஒரு கரை போதாதா? மறு கரை பார்க்க வந்தவளுக்கு மாடு திரும்பாதா?”

“மாடு இல்லை ஓய், மனசு” என்றார் மூத்த மைத்துனர். கெட்டுப்போன பாட்டை அவரால் பொறுக்க முடியவில்லை.

“அந்த இடத்தில் குரல் மேலே போக வேண்டும். இவர் கீழே இறக்குகிறார்” என்றார் அடுத்தவர்.

 மூன்றாமவருடைய கையோ தொடையில் சரியான தாளம் போட்டுக்கொண்டிருந்தது. சேஷாசலம் அந்தக் கையைப் பார்த்தார். சபையும் பார்த்தது.

ராஜாவின் முகம் கடுத்தது. அப்போது அம்பலவாணன் அந்த மூவருக்காகவே பரிந்து பேசினான். பாட்டை ரசித்தது அவர்கள் குற்றமில்லை, பாட்டு தெரிந்தவனுக்கு நல்ல பாட்டு பிடிக்கத்தான் செய்யும். பிடிக்கவில்லை என்று பொய் சொன்னதுதான் குற்றம் என்றான்.

“பின்னே யாரைத்தான் உட்கார வைப்பது?” என்று ராஜா கேட்டார். இப்போது அவர் குரலில் விளையாட்டு இல்லை.

“சாயாதவர் வேண்டாம், பிரபு. சாய்வு இன்ன பக்கம் என்று ஊருக்கே தெரிந்த இருவர் வேண்டும். ஆனால் அவர்களைத் தேர்ந்தெடுப்பது எதிராளியாக இருக்க வேண்டும்.”

ராஜா சம்மதித்தார். அதன்படி உலகம்மை, சடகோபனின் ஆட்களில் தான் நம்பக்கூடிய ஒருவரைச் சொல்ல வேண்டும். சடகோபன், பாட்டு கட்டுபவர்களில் ஒருவரைச் சொல்ல வேண்டும். உலகம்மை நெடுநேரம் யோசித்தாள். சடகோபன் குழுவில் மத்தளம் அடிக்கும் காளியண்ணனைச் சொன்னாள். ஒரு தட்டு பிசகினால் சொந்த வாத்தியாரையே மேடையில் நிறுத்திக் கேட்கிறவர் அவர். சடகோபன் பூரணத்தம்மாளைச் சொன்னான். அந்த அம்மாள் பாட்டுப் பங்கிலேயே சாப்பிடுகிறவள்தான். ஆனால் பரிசு வாங்கிய மேடையிலேயே, இந்த மெட்டு என்னுடையதில்லை என்று சொல்லிப் பரிசைத் திருப்பிக் கொடுத்தவள். அவர்கள் இருவரும் கலந்து பேசி மூன்றாமவராக ஒரு நட்டுவனாரைக் கேட்டார்கள். அவர் யாரையும் புகழ்ந்து அந்த நாட்டில் எவரும் கேட்டதில்லை.

மூவரும் அந்த மண்டபத்திலேயே உட்கார்ந்தார்கள். அம்பலவாணன் தரையில் அமர்ந்து, இமைக்காமல் கவனித்தான். காளியண்ணன் தன் வாத்தியாரைப் பார்த்து, அதே மெட்டில் வேறு வார்த்தை போட்டுப் பாடச் சொன்னார். பழைய வார்த்தை இல்லாமலே மெட்டு தனியாக நடந்தது. பூரணத்தம்மாள் உலகம்மையை, மெட்டில்லாமல் வார்த்தைகளை மட்டும் சொல்லச் சொன்னாள். கூட்டம் அமைதியாகிவிட்டது. பின்னால் நின்ற ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நட்டுவனார் தீர்ப்பைச் சொன்னார். வார்த்தை உலகம்மையுடையது, மெட்டு சடகோபனுடையது. நிறுத்தி வைத்த பங்கு முழுவதையும் சடகோபன் கொடுக்க வேண்டும். இனி வேறு யார் அந்த மெட்டில் பாடினாலும் பங்கில் பாதி சடகோபனுக்கு. இடையில் சேர்த்த கேலி அடிக்கு ஒன்றும் கிடையாது, அது அவ்வளவு நன்றாக இல்லை.

சடகோபன் கடைசி வார்த்தைக்கு மட்டும் முகம் சுளித்தான். உலகம்மை தறியை அதன் சொந்தக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டதாக அப்புறம் கேள்வி.

பௌர்ணமி கழிந்து, பக்கத்து நாட்டு ராஜா விருந்துக்கு வந்தார். மத்தியான இலை போட்டதும், நம் ராஜா தூண்களின் கதையைச் சொன்னார். பின்னோடு மாடு திரும்பிய கதையையும் சொன்னார். இரண்டையும் தாமே செய்தது போலச் சொன்னார். விருந்தாளி புரையேறும்வரை சிரித்து, தம் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி ராஜாவின் கழுத்தில் போட்டார்.

பரிமாறுகிறவர்களுக்குப் பின்னால் நின்ற அம்பலவாணன் முன்னே வந்து கைகட்டி நின்றான்.

“என்ன வேண்டும், அம்பலவாணா?”

“ஒரு வழக்கு, பிரபு. ஒருவன் கட்டியதை இன்னொருவர் சபையில் சொல்லிச் சம்பாதித்திருக்கிறார். சட்டம் தங்களுடையது. எதிராளியின் ஆட்களில் ஒருவரை நான் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். மகாராணியாரைக் கேட்கலாமா என்று பார்க்கிறேன்.”

 திரைக்கு அப்பாலிருந்து மகாராணியின் சிரிப்பு கேட்டது. அவ்வளவுதான், ராஜாவும் இலைமேல் குனிந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

“வழக்கு வேண்டாமப்பா, தோற்றுவிடுவேன்” என்று சொல்லி, முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். பங்கு மட்டும்தான் தனக்கு, முழு மாலை அதிகம் என்றான் அம்பலவாணன். மிச்சம் இனிமேல் சொல்லப்போகும் தடவைகளுக்கு என்றார் ராஜா.