முகத்தைக் கேட்ட நீர்க்காகம்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னே, சங்குத்திட்டு என்று ஒரு தீவு ராஜ்யம் இருந்தது. ராஜ்யம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு வீட்டில் கருவாடு வறுத்தால் அரண்மனையில் ராஜாவுக்குப் பசியெடுக்கும். அவ்வளவுதான் தீவு.

அங்கே ஆண்கள் முத்துக் குளிப்பார்கள். மூழ்குகிறவன் இடுப்பில் கயிறு இருக்கும். தோணியில் அந்தக் கயிற்றைப் பிடிப்பவன் அவன் மனைவியின் கூடப்பிறந்தவன். வேறு யாரையும் நம்ப மாட்டார்கள். அக்காளின் தாலிக்கு அவனைவிட யார் காவல்?

ஒருநாள் வடிவின் புருஷன் வேலப்பன் மூழ்கினான். அவள் தம்பி நல்லமுத்து கயிற்றை இழுத்தான். வெறும் கயிறுதான் வந்தது. தேடாத இடமில்லை, உடலும் கிடைக்கவில்லை. அதன்பின் தம்பி அக்காள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. எந்த முகத்தோடு வருவான், பாவம்!

அப்போதுதான் வடிவின் கூரையில் ஒரு நீர்க்காகம் வந்து உட்கார்ந்தது. கழுத்திலே தங்க வளையம்.

"அழாதே வடிவு. உன் புருஷன் சாகவில்லை. கடலடிக் கோட்டையில் சிறையிருக்கிறான். முன்னால் கொடு, பின்னால் வருவான். யாரிடமும் மூச்சு விடாதே, விட்டால் கோட்டைக் கதவு மூடிக்கொள்ளும்."

"என்ன சாமி கொடுக்கணும்?"

"ஆழத்தில் இருட்டு. உன் விளக்கின் ஒளியைக் கொடு."

கொடுத்தாள். வீடு இருண்டது. புருஷன் வரவில்லை. காகம்தான் வந்தது.

"சிறைக் காவலனின் பிள்ளை ஓயாமல் அழுகிறது. உன் மகளின் சிரிப்பைக் கொடு. முன்னால் கொடு, பின்னால் வருவான். யாரிடமும் மூச்சு விடாதே."

அதையும் கொடுத்தாள். சின்னவள் தேனு சிரிக்க வாயைத் திறப்பாள், சத்தம் வராது. பெற்ற வயிறு எப்படிப் பற்றி எரிந்திருக்கும்! புருஷன் வரவில்லை. காகம்தான் வந்தது.

"இதுதான் கடைசி. ஆயிரம் கைதிகளில் வேலப்பன் யார் என்று காவலனுக்குத் தெரிய வேண்டாமா? உன் மனசில் இருக்கும் அவன் முகத்தைக் கொடு. நாளைக்கு வருகிறேன்."

வடிவு யோசித்தாள். முகத்தைக் கொடுத்துவிட்டால் வருகிறவனை அவள் எப்படி அடையாளம் காண்பாள்? கடைசியாக அவனைப் பார்த்தவன் தம்பி. அவனிடமாவது அந்த முகம் பத்திரமாக இருக்கட்டும் என்று கிளம்பினாள்.

"தம்பி, உங்க மச்சான் முகம் எப்படி இருக்கும், சொல்லுடா."

நல்லமுத்து தலையைக் குனிந்துகொண்டான். "தெரியலைக்கா. குடுத்துட்டேன்."

"யாருக்குடா?"

"ஒரு நீர்க்காகம் வந்துச்சு. உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சொல்லுச்சு. அவரை எப்படியாவது உன்கிட்ட கொண்டுவந்து சேர்த்திடலாம்னுதான்க்கா..."

வடிவு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆனால் விளங்கியதை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. கோட்டை பொய்யென்றால் வேலப்பன் எங்கே?

மறுநாள் காகம் வந்தது. "முன்னால் கொடு, பின்னால்..."

"முதல்ல அவரைக் கொண்டா. என் கண்ணு முன்னால நிக்கட்டும்."

"ஐயோ, இதுவரை கொடுத்ததெல்லாம் வீணாகிவிடுமே!"

"வீணாப் போகட்டும்!" என்று கத்தினாள் வடிவு. வீதியில் இறங்கி, தான் கொடுத்ததை எல்லாம் ஊரறியச் சொல்லி அழுதாள். ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் திறந்தது. "எங்கிட்டயும் வந்துச்சு", "எங்கிட்டயும்தான்" என்று கடலுக்கு ஆளைக் கொடுத்தவர்கள் எல்லாரும் வெளியே வந்தார்கள். குரல் கூடக்கூடத் தங்க வளையம் விரிசல் விட்டது. படீரென்று உடைந்ததும், காகம் இருந்த இடத்தில் ஒரு கிழட்டு மந்திரவாதி நின்றான். ஊரே துரத்த, கடலில் விழுந்து நுரையாகிப் போனான்.

விளக்குகள் எரிந்தன. தேனு கலகலவென்று சிரித்தாள். நல்லமுத்துவுக்கும் மச்சான் முகம் திரும்பி வந்தது. வந்ததுதான் தாமதம், அக்காளின் காலடியில் விழுந்து கதறினான்.

"அக்கா, நான் கயித்தை விடலைக்கா."

"தெரியும்டா. நீ விடமாட்டே."

கோட்டை இல்லை. சிறை இல்லை. வேலப்பன் இனி வரமாட்டான். அக்காளும் தம்பியும் கைபிடித்துக் கடலில் இறங்கி அவனுக்கு நீர் வார்த்தார்கள்.

அப்புறம் சுகமாக வாழ்ந்தார்கள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அன்றிரவு வடிவு சோறு வடித்தாள், தம்பி அக்காள் வீட்டில் சாப்பிட்டான். அதுவரைக்கும்தான் எனக்குத் தெரியும்.