பேதிக்குக் குடித்த கார்

ஆவுடையப்பனின் மூளையை யாரும் குறை சொல்லிவிட முடியாது, இருந்தால்தானே சொல்வதற்கு. ஆனால் மனசு தங்கம். அன்று மத்தியானம் சுரண்டைக்குப் பெண் பார்க்கக் கிளம்ப வேண்டும். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் இந்த ஜென்மத்தில் கல்யாணமே இல்லை என்று பயலுக்கு ஒரே கவலை. அந்த நேரம் பார்த்து அவனுடைய பழைய அம்பாசடர் இருமி இருமிக் கறுப்புப் புகையைக் கக்கியது.

மெக்கானிக் காசிம் பாய் ஒரு பாட்டில் மருந்தைக் கையில் கொடுத்தார். இன்ஜினுக்குள் கரி அப்பிக்கிடக்கிறது, இதைப் பெட்ரோலில் கலந்து ஓட்டு, மனுஷனுக்குப் பேதி மருந்து மாதிரிதான், உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும் என்றார். பாவம், விளங்கட்டுமே என்றுதான் அப்படிச் சொன்னார்.

ஆவுடையின் கூட்டாளிகள் சங்கரபாகமும் முப்பிடாதியும் உட்கார்ந்து யோசித்தார்கள். பேதி மருந்தை வெறும் வயிற்றில்தான் குடிக்கணும் என்றான் சங்கரபாகம். நியாயம்தானே? டேங்கில் கிடந்த பெட்ரோலை எல்லாம் வெளியே எடுத்துவிட்டு மருந்தை மட்டும் ஊற்றினார்கள். சாவியைத் திருப்பினால் வண்டி முக்கியதே தவிர கிளம்பவில்லை.

“பேதிக்குக் குடிச்சவன் எந்திரிச்சு ஓடுவானா? சும்மா கெடக்க விடுங்கலே,” என்றான் முப்பிடாதி.

நடுத்தெருவில் அதற்குக் கூச்சமாக இருக்குமே என்று புறவாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஆவுடை பெண் பார்க்க எடுத்துவைத்திருந்த பட்டு வேட்டியைப் பின்பக்கம் மறைப்பாகக் கட்டிவிட்டு, மூவரும் முதுகைக் காட்டி நின்றார்கள். வெகுநேரமாகியும் ஒன்றும் வரவில்லை. வெந்நீர் உள்ளே போனால் இளகும் என்று ஒரு செம்பு ஊற்றினார்கள். ஆவுடைக்கு அழுகையே வந்துவிட்டது. பெண் வீட்டில் கேசரி கிண்டி வைத்துக்கொண்டு காத்திருப்பார்களே. பஸ்ஸில் போகலாம்தான். பேதிக்குக் கொடுத்துவிட்டு இதைத் தனியே விட்டுப்போக மனசு வருமா?

பொழுது சாய்ந்ததும் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார் பெண்ணின் அப்பா பெருமாள்சாமி. மாப்பிள்ளை ஏன் வரவில்லை என்று நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கத்தான் வந்தார். பார்த்தால் ஒரு கார், ஒரு பட்டு வேட்டி, மூன்று முதுகு.

ஆவுடை நடந்ததைச் சொல்லிவிட்டு, இந்த இடமும் போச்சு என்று தலையைத் தொங்கப் போட்டான்.

அவரோ அவனை அப்படியே கட்டிக்கொண்டார். “வண்டிய இப்படிப் பாத்துக்கிடுத பிள்ளை, என் மகளக் கண்கலங்க விடுமா? பொண்ணு உமக்குத்தான் மாப்பிள்ளை.”

ஆவுடைக்குத் தலைகால் புரியவில்லை. இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போகணும் என்று கையைப் பிடித்துக்கொண்டான்.

“இன்னொரு நாள் பாப்போம் மாப்பிள்ளை. நம்ம ஜீப்புக்கு நேத்துதான் பேதிக்குக் கொடுத்திருக்கேன். நான் போய்த்தான் டேங்குல ரசஞ்சோறு கரைச்சு ஊத்தணும்.”