மருதாயிக்கு யார் ஊட்டுவது?

மலையடிவாரக் குளத்தின் கரையில் மருதாயி என்றொரு யானை கிடந்தது. ஒரு மழைக்காலத்தில் பாறைச் சரிவிலிருந்து உருண்டு விழுந்ததில் அதன் பின்னங்கால்கள் விளங்காமல் போயின. தும்பிக்கையும் செத்துத் தொங்கியது. எதிரே புல் இருந்தாலும் எடுத்துத் தின்ன முடியாது.

அதைப் பார்த்துக்கொண்டது சிங்காரி என்ற மந்திதான். தன் கூட்டத்தோடு வந்து புல் பறித்துப் போடும். தேக்கிலையைத் தொன்னையாக மடித்துத் தண்ணீர் மொண்டு வரும். ஊட்டுவதற்கு முன்னால் கேட்கும்.

"அக்கா, புல் தரட்டுமா? மூங்கில் குருத்து தரட்டுமா?"

"முதலில் தண்ணீர். அப்புறம் குருத்து!" என்று மருதாயி சொல்லும். உடம்பு போனாலும் தன் சொல்லுக்கு மதிப்பு இருக்கிறதே என்று அதற்கு ஒரு நிம்மதி.

புலிராஜாவின் குகைக்குக் கரடிகள் காவல் நின்றன. அவற்றின் தலைவன் சடையன் ஒருநாள் ராஜாவின் காலில் விழுந்தது.

"மகாராஜா! உங்கள் காட்டில் ஒரு யானை குரங்குகளை நம்பிக் கிடக்கிறது. அதற்கு ஏதாவது ஆகிவிட்டால் கெட்ட பெயர் உங்களுக்குத்தானே? அந்தப் பொறுப்பை எங்களிடம் விடுங்கள்!"

ராஜா சம்மதித்தது. அந்த வேலைக்காக மலையிலுள்ள தேனடைகளை எல்லாம் கரடிகளுக்கே கொடுத்தது.

சடையன் தேனைக் குடித்துவிட்டு, தோன்றியபோது குளக்கரைக்கு வந்தது. வேரும் மண்ணுமாகப் புல்லைப் பிடுங்கி மருதாயியின் வாயில் திணித்தது. அதன் நகம் பட்டு மருதாயியின் நாக்கு கிழிந்தது.

"தண்ணீர் கொடு!" என்றது மருதாயி.

"நீ கேட்கும்போதெல்லாம் தர முடியுமா? எங்களுக்கு ஒழியும்போதுதான் தருவோம்!"

சிங்காரி ஓடி வந்தது. சடையன் அதை மரத்தின் மேல் துரத்திவிட்டது.

"இறங்கினால் உன் வாலைப் பிய்த்துவிடுவேன்!"

ஒருநாள் புலிராஜா குளத்துக்குத் தண்ணீர் குடிக்க வந்தது. மருதாயி கதறியது.

"மகாராஜா! என் வாய்க்குள் யார் கை வரவேண்டும் என்று நான் சொல்லக் கூடாதா?"

சுற்றிலும் மான்களும் முயல்களும் நின்றிருந்தன. ராஜா தொண்டையைச் செருமிக்கொண்டது.

"நியாயமான கேள்வி! இனிமேல் உடம்புக்கு முடியாதவர்கள், தங்களைப் பார்த்துக்கொள்பவரைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாம்!"

மயில் அதைக் காடு முழுவதும் கூவிச் சொன்னது. சிங்காரிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. மறுநாள் விடிந்ததும் இளங்குருத்தாகப் பார்த்துப் பறித்துக்கொண்டு குளக்கரைக்கு வந்தது.

ராஜாவும் வந்து உட்கார்ந்தது. சடையன், அதன் தம்பி, அதன் மைத்துனன் என்று மூன்று கரடிகள் வரிசையாக நின்றன.

"மருதாயி! இந்த மூவரில் யாரை வேண்டுமானாலும் தேர்ந்தெடு!" என்றது சடையன்.

"எனக்குச் சிங்காரி போதும்."

"ராஜாவின் அனுமதி பெற்றவர்களில் ஒருவரைச் சொல்! குரங்குக்கு ஏது அனுமதி?"

மருதாயி ராஜாவைப் பார்த்தது. கரடிகள் கோபித்துக்கொண்டு போய்விட்டால் தன் குகைக்கு யார் காவல் என்று ராஜா யோசித்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"மூன்று பேர் நிற்கிறார்களே, மருதாயி! இதற்கு மேலும் என்ன கேட்கிறாய்?"

மருதாயி வாயை இறுக்கி மூடிக்கொண்டது. அன்று அது ஒன்றும் தின்னவில்லை. மறுநாளும் தின்னவில்லை. கரடிகளுக்குப் பயந்து மரத்தில் ஏறிக்கொண்ட சிங்காரி, அங்கிருந்தே குருத்துகளை எறிந்து பார்த்தது. அவை யானையின் முதுகில் விழுந்து காய்ந்தன. பசி குடலைப் பிடுங்கியது.

கடைசியில் மருதாயி கேட்டது.

"உங்களில் யாருக்கு நகம் குட்டை?"

"என் மைத்துனனுக்கு!" என்றது சடையன்.

"அவனே வரட்டும்."

"மருதாயி தேர்ந்தெடுத்துவிட்டது! மருதாயி தானே தேர்ந்தெடுத்துவிட்டது!" என்று மயில் கூவிக்கொண்டே பறந்தது. விலங்குகள் எல்லாம் ராஜாவை வாழ்த்தின. ராஜா தலையசைத்து ஏற்றுக்கொண்டது.

மரக்கிளையில் சிங்காரி முகத்தைக் கைகளால் பொத்திக்கொண்டது. கீழே மருதாயி கண்களை மூடிக்கொண்டு வாயைத் திறந்தது.

ஒருவர் தமக்கு வேண்டியவரைக் கேட்க விடாமல், ஆள்பவருக்கு வேண்டியவர்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது உரிமை கொடுப்பதாகாது. அது ஊரை ஏமாற்றுவதே ஆகும்.